முதுகின் நெளிவு சுளிவுகள்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி முதுகைப் பற்றி. மீதிப் பாதி மாமியாரைப் பற்றி. அவை அடுத்த வாரம்.

கே: பிலாட்டிஸ் பயிற்சி செய்தால் ஸ்கோலியோசிஸ் நேராகிவிடுமா? சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் சொல்லவும். (திருச்சி வாசகர்)

ப: ஆகாது.

கே: அப்புறம் எதற்குப் பார்க்கிறவர்களெல்லாம் "பிலாட்டிஸ் போ, பிலாட்டிஸ் போ" என்கிறார்கள்? (வேளச்சேரி வாசகி)

ப: தாராளமாகப் போங்கள். எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போனால் ஏமாற்றம் இருக்காது.

எக்ஸ்ரேயில் முதுகுத்தண்டு பக்கவாட்டில் 10 டிகிரியோ அதற்கு மேலோ வளைந்திருந்தால் அது ஸ்கோலியோசிஸ். வளைவதோடு விடுவதில்லை. சுழல் படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு முள்ளெலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியும் இருக்கும். வளரும் வயதில் அந்த வளைவுக்கு ஏற்றபடி எலும்பே ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் வளர்ந்துவிடுகிறது. வயிற்றுத் தசையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் வளர்ந்து முடிந்த எலும்பின் வடிவம் மாறாது.

மாறக்கூடியவை வேறு. எலும்பைச் சுற்றியிருக்கும் தசைகளின் பலம், மூச்சு போகும் ஆழம், நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்தபின் வரும் வலி, நிற்கும்போது உடம்பு எந்தப் பக்கம் சரிகிறது என்ற உணர்வு. இதிலெல்லாம் பிலாட்டிஸ் உதவுகிறது. வலி குறைந்தது, அன்றாட வாழ்க்கை எளிதானது என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், சில மாத ஆய்வுகள். "எனக்கு மூன்று டிகிரி குறைந்தது" என்று யாராவது எக்ஸ்ரேயை ஆட்டினால் கைதட்டிவிட்டு விட்டுவிடுங்கள். ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் அளந்தாலே 5 டிகிரி வரை வித்தியாசம் வரும்.

கே: என் மகள் தூக்கும் புத்தகப் பைதான் அவள் முதுகை வளைத்துவிட்டது என்கிறாள் என் மனைவி. பள்ளிக்கூடத்தில் சண்டை போடலாமா? (சேலம் அப்பா)

ப: பை கனம் என்று சண்டை போடுங்கள், நியாயம் உங்கள் பக்கம். முதுகை வளைத்தது பை என்று மட்டும் சொல்லாதீர்கள். பையால் தோள் வலிக்கும், முதுகு வலிக்கும், ஸ்கோலியோசிஸ் வராது. பத்தில் எட்டு பேருக்கு இது ஏன் வந்தது என்றே மருத்துவம் கண்டுபிடிக்கவில்லை. மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பது வரைக்கும் தெரியும். ஆகவே பை, படுக்கை, ஒருக்களித்துப் படிப்பது, கர்ப்பத்தில் அம்மா எதையோ சாப்பிட்டது, எல்லாரையும் விடுதலை செய்துவிடலாம்.

கே: பன்னிரண்டு வயது மகளுக்கு 28 டிகிரி. எலும்பு டாக்டர் பிரேஸ் போடச் சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் இதே பிரச்சினைதான். பிரேஸே போடாமல் பிலாட்டிஸ் மட்டும் செய்து தப்பித்துவிட்டாளாம். எங்களுக்கும் மனசு அந்தப் பக்கம்தான் போகிறது. (கோவை அம்மா)

ப: மனசைத் திருப்பிக் கூட்டி வாருங்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2013ல் வெளியானது. உங்கள் மகளைப் போல வளர்ச்சி பாக்கியுள்ள, 20 முதல் 40 டிகிரி வளைவுள்ள பிள்ளைகள். வளர்ச்சி முடியும்போது வளைவு 50 டிகிரியைத் தொடாமல் தப்பியவர்கள் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம், போடாமல் கண்காணிக்கப்பட்டவர்களில் 48 சதவீதம். பிரேஸுக்குள் ஒரு சென்சாரை வைத்து, நிஜமாகவே எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்றும் கணக்கெடுத்தார்கள். (பிள்ளைகள் சொல்லும் கணக்கை யார் நம்புவது?) ஒரு நாளைக்கு 13 மணி நேரத்தை ஒட்டியும் அதற்கு மேலும் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் தப்பினார்கள். 50ஐத் தொட்டால் என்ன என்று கேட்பீர்கள். அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு எடுக்கும் எல்லை அது.

இப்போது அந்த 48ஐ மறுபடி பாருங்கள். எதுவும் செய்யாமலே கிட்டத்தட்டப் பாதிப் பேர் தப்பியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் அவர்களில் ஒருத்தியாக இருக்கலாம். அவள் பிலாட்டிஸுக்குப் பதில் தினமும் பல்லாங்குழி ஆடியிருந்தாலும் தப்பியிருக்கலாம். பிள்ளையார் சுழியிலிருந்து புரோட்டீன் பவுடர் வரை எல்லாமே ஸ்கோலியோசிஸை "நிறுத்திய" கதை ஊரில் உலவுவது இப்படித்தான். உங்கள் மகள் எந்தப் பாதியில் இருக்கிறாள் என்பது முன்கூட்டித் தெரியாது. உயரம் கிடுகிடுவென்று கூடும் அந்த ஒன்றிரண்டு வருடங்களில்தான் வளைவும் ஓடும். அந்தக் காலத்தைப் பரிசோதனையில் செலவழித்துவிட்டால் திரும்பி வராது.

பிலாட்டிஸும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரேஸோடு சேர்த்துச் செய்யட்டும். பிரேஸை இறுகக் கட்டியே இருப்பதால் தசை சோம்பிப்போகாமல் பார்த்துக்கொள்ள உடற்பயிற்சி வேண்டும். கழற்றி வைக்கும் மணி நேரத்தில் உடம்பை நீட்டி மடக்கினால் அவளுக்கே நிம்மதியாக இருக்கும். நம் ஊர் வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வேர்த்துக் கொட்டும். உள்ளே சுருக்கமில்லாத பருத்தி பனியன், வியர்த்ததும் மாற்று பனியன். வளர்ச்சி முடிந்ததும் கழற்றிவிடலாம், ஆயுள் தண்டனை இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள். உறவுக்காரர்கள் "ஐயோ பாவம்" என்று ஆரம்பித்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கே: என் அம்மா நாள் முழுக்க "நேரா நில்லு, நேரா நில்லு" என்கிறார். எனக்கு ஸ்கோலியோசிஸ் என்று சொல்லியும் கேட்பதில்லை. (பதினொன்றாம் வகுப்பு, நாகர்கோவில்)

ப: இந்தப் பக்கத்தைக் கிழித்து ஃபிரிட்ஜில் ஒட்டு. அம்மா, நீங்கள் சொல்வது பெண்ணின் காதில் விழுகிறது; எலும்புக்குக் காது இல்லை.

கே: பிள்ளைக்கு வளைவு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? (புதுக்கோட்டை)

ப: முடியும். மேல்சட்டை இல்லாமல், பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்கள். பின்னால் உட்கார்ந்து முதுகின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு பக்க விலாவோ இடுப்போரமோ மேலே எழும்பி நின்றால் டாக்டரிடம் போகவேண்டும்.

இதற்கு ஆடம்ஸ் சோதனை என்று பெயர். வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் 1865ல் வெளியிட்ட புத்தகத்தோடு அது பிரபலமானது. அதன் பின்னணியில் ஒரு டைனோசர் இருக்கிறது. இகுவானடான் என்ற டைனோசரின் பற்களை உலகுக்கு அறிமுகப்படுத்திய கிடியன் மான்டெல் தொழிலால் மருத்துவர். 1841ல் குதிரை வண்டி விபத்துக்குப் பிறகு தீராத முதுகுவலியில் கிடந்தார். முதுகில் கட்டி என்றார்கள். 1852ல் அவர் இறந்தபின் உடலை ஆராய்ந்தால் கடுமையான ஸ்கோலியோசிஸ். உயிரோடு இருந்தபோது ஏன் தெரியவில்லை? முள்ளெலும்புகள் திரும்பிக்கொள்ளும்போது, நாம் முதுகில் தடவிப் பார்க்கும் முனைகள் நடுக்கோட்டைப் பெரிதாக விட்டு விலகுவதில்லை. நிமிர்ந்து நிற்கும் முதுகில் பாதி விஷயம் மறைந்துவிடுகிறது, குனிந்தால் திருகல் விலாவைத் தூக்கிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆடம்ஸுக்குப் பாடம் சொன்ன முதுகுகளில் மான்டெலுடையதும் ஒன்று. எத்தனையோ எலும்புகளைத் தோண்டி எடுத்த மனிதர், தன் எலும்பைக் கடைசி வரை பார்க்காமலே போனார்.

கே: ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டுக்குக் கூனா, ஸ்கோலியோசிஸா? தேர்வில் வராது, சும்மா கேட்கிறேன். (ஆங்கில இலக்கிய மாணவி, மதுரை)

ப: ஸ்கோலியோசிஸ். 2012ல் லெஸ்டர் நகரத்துக் கார் நிறுத்தம் ஒன்றின் அடியில் எலும்புக்கூடு கிடைத்தது. வலப்பக்கம் பெரிய வளைவு, கூன் இல்லை. நல்ல தையற்காரர் கிடைத்திருந்தால் வெளியில் தெரிந்தே இருக்காது. நாடகக்காரர் கிடைத்துவிட்டார்.

கே: பிலாட்டிஸ் என்பது ஸ்கோலியோசிஸுக்காகவே கண்டுபிடித்ததா? (பாண்டிச்சேரி)

ப: இல்லை. ஜோசஃப் பிலாட்டிஸ் 1883ல் ஜெர்மனியில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, ரிக்கெட்ஸ் என்று நோஞ்சானாக இருந்து, ஜிம்னாஸ்டிக்ஸும் குத்துச்சண்டையும் பழகித் தேறியவர். முதல் உலகப் போர் வெடித்தபோது இங்கிலாந்தில் மாட்டிக்கொண்டதால் எதிரிநாட்டுக்காரர் என்று முகாமில் அடைத்தார்கள். அங்கே கட்டில் ஸ்பிரிங்கைக் கொண்டு நோயாளிகளுக்குப் பயிற்சிக் கருவி செய்தார் என்று கதை உண்டு. 1926ல் நியூயார்க் போய் மனைவி கிளாராவோடு பயிற்சிக்கூடம் நடத்தினார். நடனக் கலைஞர்கள் மொய்த்தார்கள். 1967ல் காலமானார்.

முதுகுத்தண்டின் பக்கவளைவுக்கென்றே உட்கார்ந்து யோசித்தவர் இன்னொரு ஜெர்மன்காரர், கதரீனா ஷ்ராத். டிரெஸ்டனில் 1894ல் பிறந்தவர். அவருக்கே ஸ்கோலியோசிஸ், இரும்பு பிரேஸ் போட்டு வளர்ந்தவர். பள்ளம் விழுந்த ஒரு பந்தில் காற்றை ஊதினால் பள்ளம் நிரம்புவதைப் பார்த்து, தன் மார்புக்கூட்டின் உள்வாங்கிய பக்கத்துக்கும் அப்படியே மூச்சை அனுப்பிப் பார்த்தாராம். 1921ல் மைசன் நகரத்தில் சொந்தமாகப் பயிற்சிக்கூடம் தொடங்கினார். ஸ்கோலியோசிஸுக்கென்றே உள்ள பயிற்சி என்று இன்று பிசியோதெரபிஸ்டுகள் முதலில் சொல்வது ஷ்ராத் முறையைத்தான். பிலாட்டிஸைவிட அதற்கு ஆதாரம் கொஞ்சம் கூடுதல். ஆனால் நம் ஊரில் அதைக் கற்றவர்கள் குறைவு, பிலாட்டிஸ் தெருவுக்குத் தெரு. ஷ்ராத் தெரிந்த பிசியோ உங்கள் ஊரில் இருந்தால் முதல் கதவு அதுவே.

தெருவுக்குத் தெரு என்றேன். அதற்கும் காரணம் உண்டு. பிலாட்டிஸ் என்பது ஒரு நிறுவனத்துக்கு மட்டும் சொந்தமான பெயர் அல்ல என்று 2000ல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் பலகை மாட்டுவதற்கு யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வாரக்கடைசியில் சர்டிபிகேட் வாங்கியவரும் பத்து வருடம் படித்தவரும் ஒரே பலகைக்குக் கீழேதான் நிற்பார்கள்.

கே: எங்கள் வகுப்பில் எல்லாப் பயிற்சியும் வலம் பத்து, இடம் பத்து. என் முதுகு அப்படிச் சமமாக இல்லையே! சமமாகச் செய்வது சரியா? (அடையாறு, 34 டிகிரி)

ப: இந்த வாரத்தின் சிறந்த கேள்வி, பரிசு கிடையாது.

பதின்வயதில் தொடங்கும் வளைவில் அதிகம் காண்பது மார்புப்பகுதி வலப்பக்கம் பிதுங்குவது. வலது விலா பின்னால் தள்ளி நிற்கும், இடது முதுகு குழிந்திருக்கும். ஒரு பக்கத் தசை நீண்டு களைத்திருக்கும், மறுபக்கத் தசை குறுகி இறுகியிருக்கும். அப்படிப்பட்டவரை மல்லாக்கப் படுக்கவைத்து "முதுகு முழுக்கப் பாயில் படியட்டும்" என்றால் எப்படிப் படியும்? வலது விலா தரையில் முட்டும், இடது அந்தரத்தில் நிற்கும். பொது வகுப்பு ஆசிரியர் இருபது பேருக்குச் சொல்லும் கட்டளை உங்கள் முதுகை நினைத்துச் சொன்னது இல்லை.

பக்கவாட்டில் சாய்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் சாய்ந்தால் குழிந்த இடப்பக்கம் திறக்கும், நல்லது. ஆனால் பலருக்கு மேலே வலமும் கீழே இடுப்பில் இடமுமாக இரண்டு வளைவு இருக்கும். அப்போது அதே சாய்வு மேலே திறந்து கீழே இன்னும் மூடிவிடும். முறுக்குப் பயிற்சிகளிலும் இதே வம்பு. முள்ளெலும்பு ஏற்கெனவே ஒரு திசையில் திரும்பியிருக்கிறது, அதே திசைக்கு இன்னும் முழு மூச்சாக முறுக்குவதால் உங்களுக்கு என்ன லாபம்?

அதனால் ஸ்கோலியோசிஸ் தெரிந்த பயிற்சியாளர் முதலில் எக்ஸ்ரே கேட்பார். மடித்த துண்டை விலாவுக்குக் கீழே எங்கே வைப்பது, எந்தப் பக்கம் ஒருக்களிப்பது, எதை ஒரு பக்கம் மட்டும் செய்வது என்று உங்களுக்கென்று ஒரு கணக்குப் போடுவார். மூச்சை உள்வாங்கிய பக்கத்து முதுகுக்கு அனுப்பக் கற்றுத்தருவார். இதைச் சும்மா நினைத்தால் வராது. அந்த இடத்தில் அவர் கையை வைத்து "என் கையைத் தள்ளு" என்றால் ஓரிரு வாரங்களில் வந்துவிடும். துண்டின் இடத்தை மட்டும் நான் இங்கே எழுதமாட்டேன். உங்களுக்குப் பொருந்துவது இதைப் படிக்கும் இன்னொருவருக்குத் தலைகீழாக இருக்கும்.

ஒருபக்கப் பயிற்சிக்கு ஒரு சுவையான ஆய்வும் உண்டு. 2014ல் அமெரிக்காவில் 25 பேரை வசிஷ்டாசனம், அதாவது பக்கவாட்டு பிளாங்க், ஒரே பக்கமாக, வளைவு பிதுங்கும் பக்கம் கீழே இருக்கும்படி செய்யச் சொன்னார்கள். முக்கிய வளைவு சராசரியாக 32 சதவீதம் குறைந்ததாக எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை என்பதால் நான் துள்ளிக் குதிக்கவில்லை. செய்து பார்ப்பதில் குற்றமும் இல்லை, தோள்பட்டை ஒத்துழைத்தால்.

கே: மெஷின் வைத்த ரிஃபார்மர் வகுப்புதான் வேலை செய்யுமாமே? (அண்ணா நகர்)

ப: மெஷின் வைத்தவர் சொன்னாரா? ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் வலி உள்ளவர்களுக்கு அது வசதி. பாயும் ஒரு துண்டும் போதாது என்று யாரும் நிரூபிக்கவில்லை.

கே: அம்மாவுக்கு 68 வயது. வயதானபின் இடுப்பில் வளைவு வந்திருக்கிறது. எலும்புத் தேய்மானமும், எலும்பு அடர்த்திக் குறைவும் உண்டு. பிலாட்டிஸ் வீடியோ பார்த்துத் தானே செய்கிறார். (தஞ்சாவூர்)

ப: வீடியோவை நிறுத்திவிட்டு மேலே படியுங்கள். பிலாட்டிஸில் பாதிப் பயிற்சி மல்லாக்கப் படுத்துத் தலையைத் தூக்கி முன்னால் சுருளுவது. அடர்த்தி குறைந்த எலும்புக்கு ஆபத்தானதும் அதுவே. 1984ல் மேயோ கிளினிக் மருத்துவர்கள், எலும்பு மெலிந்த பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்குப் புதிதாக முள்ளெலும்பு நொறுங்கியது. முன்னால் சுருளும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்த வித்தியாசத்தை என்னால் அலட்சியப்படுத்த முடியவில்லை.

சுருளுவதையும், வேகமாக முறுக்குவதையும் அம்மா விட்டுவிடட்டும். குப்புறப் படுத்து நெஞ்சை லேசாகத் தூக்குவது, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, நாற்காலியைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்பது. இவற்றை ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் பழகட்டும். நடக்கும்போது கால் மரத்துப்போய் உட்கார்ந்தால் சரியாகிறது என்றால் நரம்பு நெருக்கத்துக்கும் டாக்டரைப் பாருங்கள்.

கே: ராடு வைத்து ஆபரேஷன் செய்து ஒரு வருடம் ஆகிறது. எனக்கு அனுமதி உண்டா? (பெங்களூரு வாசகி)

ப: ஆபரேஷன் செய்தவர் "சரி" என்று சொன்னபின் உண்டு. எலும்புகள் ஒட்டிப்போன பகுதி இனி வளையாது, முறுகாது. வளைக்கப் பார்த்தால் சுமை அதற்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளில் விழும். குனிவதை இடுப்பிலிருந்து செய்யப் பழகுங்கள். கால், புட்டம், தோள், மூச்சு, இவற்றில் நிறைய வேலை இருக்கிறது. எந்த முள்ளெலும்பிலிருந்து எது வரை ராடு என்று பயிற்சியாளரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.

கே: வயது 35, கம்ப்யூட்டர் வேலை, 22 டிகிரி, சாயங்காலமானால் முதுகுவலி. வளைவு கூடிக்கொண்டே போய் ஒரு நாள் படுத்த படுக்கையாகிவிடுவேனா? (ஓசூர்)

ப: மாட்டீர்கள். வளர்ச்சி முடிந்தபின் 30 டிகிரிக்குக் கீழே உள்ள வளைவு பொதுவாக இருந்த இடத்திலேயே இருக்கும். 50க்கு மேல் போனவைதான் பெரியவர்களிடமும் மெதுவாக ஏறும். அமெரிக்காவின் அயோவாவில் சிகிச்சையே எடுக்காத ஸ்கோலியோசிஸ்காரர்களை 50 வருடம் பின்தொடர்ந்து 2003ல் எழுதினார்கள். வேலை பார்த்தார்கள், குடும்பம் நடத்தினார்கள், மற்றவர்களைப் போலவே வாழ்ந்தார்கள். முதுகுவலி மட்டும் கூடுதல்: அவர்களில் 61 சதவீதத்தினருக்கு நாள்பட்ட வலி, சாதாரணமானவர்களில் 35 சதவீதம்.

உங்கள் எதிரி வலிதான், டிகிரி அல்ல. பிலாட்டிஸ் உங்களைப் போன்றவர்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, சில மாதம். நடுவில் எழுந்து நடக்காமல் ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பயிற்சி பலிக்கவில்லை என்று எனக்குக் கடிதம் போடக்கூடாது.

கே: மகன் ஓட்டப்பந்தய வீரன். ஸ்கோலியோசிஸ் என்றதும் ஓடக்கூடாது என்று பெரியப்பா சொல்கிறார். (திருநெல்வேலி)

ப: உசைன் போல்ட்டுக்கு ஸ்கோலியோசிஸ். பெரியப்பாவுக்கு என் வணக்கம்.

கே: தங்கைக்கு வரன் பார்க்கிறோம். 31 டிகிரி. சொல்லலாமா, மறைக்கலாமா? குழந்தை பெறுவதில் சிக்கல் வருமா? (பெயர் வேண்டாம், மாம்பலம்)

ப: இந்த அளவு வளைவோடு கர்ப்பமும் சுகப்பிரசவமும் சாதாரணமாக நடக்கின்றன. பிரசவத்தின்போது முதுகில் மயக்க ஊசி போடுவது கொஞ்சம் சிரமமாகலாம், அதனால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே எக்ஸ்ரேயைக் காட்டிவிட வேண்டும். பிறக்கும் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். பத்து வயதில் ஒரு தடவை குனியவைத்துப் பாருங்கள். சொல்வதா வேண்டாமா என்பதைத் தங்கையிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அவர் குரலைக் காணோம். 31 டிகிரியைக் கேட்டு எழுந்துபோகிற மாப்பிள்ளை, சர்க்கரை வியாதி வந்த மனைவியை என்ன செய்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கே: எப்போது பயிற்சியையெல்லாம் ஓரம்கட்டிவிட்டு டாக்டரிடம் ஓடவேண்டும்? (ராமநாதபுரம்)

ப: பத்து வயதுக்குள் வளைவு தெரிந்தால். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இருந்தால். கால் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு குறைதல் வந்தால். சில மாதத்தில் வளைவு வேகமாகக் கூடினால். மார்பு வளைவு இடப்பக்கம் பிதுங்கினாலும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள், வழக்கத்துக்கு மாறான பக்கம் என்பதால்.

கே: நான் பிலாட்டிஸ் ஆசிரியை. வகுப்புக்கு வரும் பதின்மூன்று வயதுப் பெண் குனியும்போது வலது விலா எழும்புகிறது. அவள் அம்மாவுக்குத் தெரியாது போலிருக்கிறது. சொன்னால் பயந்து வகுப்பையே நிறுத்திவிடுவார்களோ என்று தயக்கம். (வடபழனி)

ப: இன்றைக்கே சொல்லுங்கள். பெண்ணை வைத்துக்கொண்டு வேண்டாம், அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு. நோயின் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. "குனியும்போது ஒரு பக்கம் உயரமாக இருக்கிறது, எலும்பு டாக்டரிடம் காட்டி ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்" என்றால் போதும். மாதவிலக்கு தொடங்கிவிட்டதா, இந்த வருடம் எவ்வளவு உயரம் கூடினாள் என்று டாக்டர் கேட்பார். அதையும் யோசித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டணம் போனால் போகட்டும். படம் வந்ததும் ஒரு பிரதி உங்களுக்கும் வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த வகுப்பில் அவளுக்கு வலம் பத்து, இடம் பத்து கிடையாது.